பெரியவர் எப்படி இறந்தார்?

மன்னிப்புக் கடிதத்தை நான்காக மடித்து, மஞ்சள் பையில் புத்தகத்தின் மேல் வைத்துக்கொண்டு, கலையரசி கடைசி நாற்காலியில் அமர்ந்திருந்தாள். மூங்கில்துறைப்பட்டிலிருந்து முதல் பேருந்தில் புறப்பட்டு வந்தவளுக்கு எவரும் தேநீர் தரவில்லை.

கைப்பேசியில் மட்டுமே புத்தகங்களைப் பற்றிப் பேசி வந்த வாசகர் குழு அது. உறுப்பினர் ஒருவரை நீக்குவதற்கென்று கள்ளக்குறிச்சியில், ஒரு தட்டச்சுப் பயிலகத்தின் மாடியில், குழுவாக நேரில் கூடியது அன்றுதான் முதல்முறை. இருபது பேர் வந்திருந்தனர். சாட்சிக்கு இருக்கட்டும் என்று அவரவரிடம் உள்ள நாவல் படியைக் கொண்டுவரும்படி குழுத் தலைவர் அந்தோணிதாஸ் பணித்திருந்தார்.

வழக்கு இதுதான். குழுவின் மூத்த உறுப்பினர் இளஞ்செழியன், கல்வராயன் மலையில் தேனெடுக்கும் சின்னாண்டி என்னும் பெரியவரைப் பற்றி ஒரு நாவல் எழுதியிருந்தார். வெளியீட்டு விழாவில், பெரியவர் பாறையிலிருந்து விழுந்து இறக்கும் கட்டத்தை அவரே தழுதழுத்த குரலில் விவரித்தார். பின்னர், பொன்னாடைக்குப் பதிலாக, வந்தவர்க்கெல்லாம் முதற்பக்கத்தில் கையெழுத்திட்டு ஒவ்வொரு படி அளித்தார். அன்று மாலையே குழுவில் பாராட்டு குவிந்தது. சின்னாண்டி இறந்த இடத்தில் புத்தகத்தை மூடிவிட்டு அழுததாகப் பதினேழு பேர் எழுதினர்.

விழாவுக்கு வராத கலையரசி, நூலைத் தபாலில் வாங்கிப் படித்தாள். அவள் எழுதியது நான்கே வரி. “தேனெடுக்கப் போறாரு. பக்கத்தைத் திருப்பினா கருமாதிச் சோறு. பெரியவர் எப்படிச் செத்தாருன்னு எழுதனவருக்கே தெரியல. மொத்தத்துல பாதி வெந்த சோறு.”

அதன்பின் மூன்று நாள் அவளைக் குழு சும்மா விடவில்லை. படிக்காமலே கருத்துச் சொல்கிறாள் என்று எழுதினார், தனியார் பள்ளி நடத்தும் லிடியா. கரும்புத் தோகை கழிப்பவளுக்கு இலக்கியம் எதற்கு என்று கேட்டார் இன்னொருவர். ஒன்று அவள் இருக்கட்டும், அல்லது நான் இருக்கிறேன் என்று இளஞ்செழியன் முடிவாக அறிவித்தார்.

சர்க்கரை ஆலை வாசலில் கரும்பு வண்டியோடு நாள் முழுதும் வரிசையில் காத்துக்கிடக்கும்போதுதான் கலையரசி படிப்பாள். படித்ததைப் பேச, வீட்டிலும் ஊரிலும் அவளுக்கு ஆளில்லை. அக்குழு ஒன்றுதான் இருந்தது. அதை இழக்க மனமின்றியே கடிதத்தோடு வந்திருந்தாள்.

“இன்னாம்மா, படிச்சியா, படிக்கலியா? அதை மட்டும் சொல்லு” என்று தொடங்கினார் அந்தோணிதாஸ்.

“படிச்சேங்க. ரெண்டு தரம்.”

“ரெண்டு தரம் படிச்சவளுக்கு அவரு வுழுந்தது மட்டும் கண்ணுல படலியா? லோடு ஏத்திக்கினே படிச்சா அப்படித்தான்” என்றார் லிடியா. அறை முழுதும் சிரித்தது.

இளஞ்செழியன் சிரிக்கவில்லை. “அந்தச் சாவை எழுத எனக்கு மூணு வருசம் ஆச்சு. நீ அது இல்லவே இல்லன்னு நாலு வரியில எழுதிட்ட” என்றார்.

கலையரசி எழுந்து கடிதத்தை அவரிடம் நீட்டினாள். “என் தப்புதான் சார். நேத்துதான் பக்க நம்பரைப் பாத்தேன். தொண்ணூத்தாறுக்கு அப்புறம் நூத்திப் பதிமூணு வருது. என் புக்குல நடுவுல பதினாறு பக்கமே இல்ல. அது தெரியாம எழுதிட்டேன்.”

அறையில் ஒரு வெற்றிக் கனைப்பு எழுந்தது. கிழிசல் புத்தகத்தை வைத்துக்கொண்டா இத்தனை வாய் என்றார் ஒருவர். வீடு போய்ச் சேருமுன் குழுவில் இந்த மன்னிப்பைப் பதிவிட்டால் நீக்க வேண்டியதில்லை என்று அந்தோணிதாஸ் தீர்ப்பளித்தார்.

“போட்டுடறேங்க. அதுக்கு முன்ன அந்தப் பதினாறு பக்கத்தை இங்கியே படிச்சிக்கறேன். யாராச்சும் புக்கு குடுங்க.”

பிச்சையிடுவதுபோல் லிடியா தம் படியை நீட்டினார். தாள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக் கிடந்தமையால், கலையரசி நகத்தால் மெல்லப் பிரித்துப் புரட்டினாள். ஓரிடத்தில் நின்றாள். அதைத் திருப்பித் தந்துவிட்டு, அந்தோணிதாஸின் படியைக் கேட்டு வாங்கினாள். பிறகு மேசைமேல் இருந்த இன்னொன்றை எடுத்தாள்.

இளஞ்செழியன் பொறுமையிழந்து அதை அவள் கையிலிருந்து பறித்தார். கதை முழுதும் மனப்பாடம் என்பதால், கையெழுத்திட்ட முதற்பக்கத்துக்கு அப்பால் அச்சு நூலை அவர் புரட்டியதே இல்லை. அவர் விரல் தொண்ணூற்றாறில் நின்றது; எதிர்ப்பக்கம் நூற்றுப் பதிமூன்று. அடுத்த படியை எடுத்தார். அதற்கடுத்ததையும் எடுத்தார்.

லிடியா தம் கைப்பையில் எதையோ தேடலானார். அந்தோணிதாஸ் தம் படியைக் கவிழ்த்து வைத்தார்.

கலையரசி இளஞ்செழியனை மட்டும் பார்த்து, உண்மையாகவே அறிய விரும்புபவளைப்போல், தாழ்ந்த குரலில் கேட்டாள்.

“அப்ப அழுதவங்க எல்லாம் எதைப் படிச்சி அழுதாங்க, சார்?”