பட்டை சொன்ன பசி

நறுமுகைக்கு நாலு வயதாகிறது. பசிக்கிறதா என்று அவளிடம் அம்மா சௌந்தர்யா ஒருநாளும் கேட்டதில்லை. கேட்பானேன்? மணிக்கட்டில் கட்டியிருக்கும் பட்டை, பிள்ளையின் பசி, தூக்கம், பயம் எல்லாவற்றையும் அம்மாவின் போனுக்குச் சொல்லிவிடும். ஊரில் எல்லாப் பிள்ளைகளும் அப்படித்தான் வளர்ந்தன.

அன்று இருவரும் போயிருந்த பொள்ளாச்சிப் பக்கத்துப் பண்ணையில் முயல், வாத்து, ஆடு எல்லாவற்றையும் பிள்ளைகள் தொட்டு விளையாடலாம். நறுமுகை ஒரு வெள்ளாட்டைக் கட்டிக்கொண்டு கலகலவென்று சிரித்தாள். ஆடு அவள் கையை நக்கிக்கொண்டே இருந்தது. வேலிக்கு இந்தப் பக்கம் நின்ற அம்மாவின் போன் அதிர்ந்தது. 'கடும் பசி.'

சௌந்தர்யா ஓடிப்போய்த் தயிர்சாதம் ஊட்டினாள். டப்பா காலியானதும் மறுபடி 'கடும் பசி.' இரண்டு இட்லியும் உள்ளே போயின. வாழைப்பழத்தை உரித்தபோது பிள்ளை வாயை இறுக மூடிக்கொண்டது. போன் மட்டும் விடுவதாக இல்லை.

பண்ணைக்காரி பழனாத்தாள் எட்டிப் பார்த்தாள். "ஏனுங்க, புள்ளைய எதுக்கு இந்தப் பாடு படுத்தறீங்க? கையில பட்டையக் காணோமே. ஆடு தின்னுபோட்டுதாட்ட இருக்குதுங்க."

ஆடு அசைபோட்டபடி வாழைப்பழத்தையே பார்த்தது. சௌந்தர்யாவுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. பழத்தை ஆட்டுக்குக் கொடுத்தாள். போனை அணைத்துப் பைக்குள் போட்டுவிட்டு மகளுக்கு முன்னால் குத்தவைத்து உட்கார்ந்தாள்.

"வயிறு நெறஞ்சுதா சாமி?"

நறுமுகை திகைத்துப்போனாள். இதுவரை யாரும் கேட்காத கேள்வி. வயிற்றில் கைவைத்து வெகுநேரம் யோசித்தாள்.

"சோத்துக்கு நெறஞ்சிருச்சும்மா," என்றாள். "ஐஸ்கிரீமுக்கு இன்னும் எடம் இருக்குது."