ஃபிரிட்ஜ் விற்ற இங்கிலீஷ்

சண்முகவடிவு டீச்சருக்குக் கணக்கு வரும், இங்கிலீஷ் வராது. அதனால் அவருடைய பள்ளிக்கு இங்கிலீஷ் பேசும் இயந்திரம் ஒன்று வந்து சேர்ந்தது. செகண்ட் ஹேண்ட்தான். முன்பு ஏதோ கம்பெனியில் போன் போட்டு ஃபிரிட்ஜ் விற்றுக்கொண்டிருந்ததாம். இரண்டே வருடத்தில் பள்ளியில் இருந்த பதினோரு பிள்ளைகளும் இங்கிலீஷில் பிளந்து கட்டினார்கள். என்ன ஒன்று, தடுப்பூசி போட வந்த நர்ஸைக்கூட இரட்டைக் கதவு மாடல் வாங்கச் சொல்லாமல் விடவில்லை.

ஒருநாள் அதிகாரி ஒருவர் வந்தார். பிள்ளைகள் இங்கிலீஷ் பேசாவிட்டால் அன்றே பள்ளியை மூடும் உத்தரவு அவர் கையில் இருந்தது. ஐந்தாம் வகுப்பு முத்துப்பேச்சியை எழுப்பிப் பெயர் கேட்டார். அவள் சொன்ன கையோடு அவர் பெயரைக் கேட்டாள், வீட்டில் எத்தனை பேர் என்று விசாரித்தாள். அவர் எழப் பார்த்தார். பேசியே உட்கார வைத்துவிட்டாள்.

டீச்சருக்கு ஒரு வார்த்தைகூடப் புரியவில்லை. ஆனால் ஜவுளிக்கடையில் வளர்ந்தவருக்கு, வாங்க மாட்டேன் என்று வந்த ஆள் மசிகிற முகம் தெரியாதா?

அரை மணி நேரத்தில் அதிகாரி உத்தரவைக் கிழித்துப்போட்டு, பள்ளி இன்னும் மூன்று வருடம் நடக்கலாம் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

ஜீப் கிளம்பியதும் டீச்சர் கேட்டார்: "அவருகிட்ட என்னத்தடி வித்த? ஃபிரிட்ஜா?"

"அது அவரு வீட்டுல ரெண்டு இருக்காம் டீச்சர். அதான், ஒரே பீஸுதான் மிச்சம், இன்னைக்கு விட்டா கிடைக்காதுன்னு சொல்லி நம்ம பள்ளிக்கூடத்தைத் தள்ளிவிட்டுட்டேன்."