சுவர்ப் பெட்டியின் சாட்சி

குடும்பநல நீதிமன்றக் கவுன்ட்டரில் இருந்த இயந்திரம் பூவிழியின் விவாகரத்து மனுவைத் தள்ளுபடி செய்தது. அவள் வீட்டுச் சுவரில் அரசு பொருத்திய ஒலிப்பதிவுப் பெட்டிதான் சாட்சி.

“நேற்றுகூடக் கணவரிடம் ‘சாப்டீங்களா’ என்று கேட்டிருக்கிறீர்கள். பாசம் மிச்சமிருக்கிறது.”

“சிலிண்டர் போட வர்ற தம்பிகிட்டயும் அதைத்தான் கேக்குறேன்! அவன்கூடவும் குடும்பம் நடத்துறேனா? அந்தாளு என் கையை உடைச்சப்ப உங்க பெட்டி எங்க போச்சு?”

“பெட்டி பேச்சை மட்டுமே பதியும். இருவரிடமும் அன்பான பேச்சு இல்லாமல் ஆறு மாதம் கழிந்தபின் வாருங்கள்.”

பூவிழி வாயை இறுக மூடிக்கொண்டு வீடு திரும்பினாள். தீர்ப்பு அவளுக்கு முன்பே கணவன் சதாசிவத்தின் போனுக்கு வந்திருந்தது. கல்யாணமான நாளிலிருந்து ஒருமுறைகூடக் கேட்டிராதவன், சுவர்ப் பெட்டியைப் பார்த்தபடி சத்தமாகக் கேட்டான்:

“பூவிழி, சாப்டியாம்மா?”