பூட்டுக்கு ரெண்டு பேர்

"மேடம், அந்த மனுஷன் பக்கத்துல இன்னொரு நாள்கூட என்னால உட்கார முடியாது. ஏதாவது பண்ணுங்க."

மேலாளர் அம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். எதிரே நின்றவளுக்கு அலுவலகம் வைத்த பெயர் பட்டாசு. சற்று முன் இதே கோரிக்கையோடு வந்துபோனவனுக்கு அமுக்குணி. இருவருக்கும் ஏழாம் பொருத்தம்.

பல மருத்துவமனைகளின் நோயாளி விவரங்களையும் ஸ்கேன் படங்களையும் கிளவுடில் பத்திரப்படுத்துவதுதான் அந்த நிறுவனத்தின் வேலை. தினமும் காலையில் அந்தத் தகவல் பெட்டகத்தைக் கணினியில் திறந்து, நகல்கள் ஒழுங்காக இருக்கின்றனவா என்று பார்த்து மூட வேண்டும். அவளிடம் ஒரு ரகசிய எண், அவனிடம் ஒரு ரகசிய எண். இருவரும் அருகருகே உட்கார்ந்து தட்ட வேண்டும் என்பது ஏற்பாடு.

"போன மாசம் காய்ச்சலோட வந்து என் பக்கத்துல தும்மித் தள்ளினாரு, மேடம்."

"அன்னிக்கு வீட்டுல படுத்திருந்தவரை போன் போட்டு வரவழைச்சதே நீதானேம்மா?"

"பின்னே? அவர் எண் இல்லாம திறக்காதே."

"அவர் மட்டும் என்ன? உன் லீவு நாள்லகூட உன்னைக் கூப்பிட வேண்டியிருக்கு, நீ வந்து வறுத்தெடுக்குறேன்னு புலம்பிட்டுப் போறார். நான் என்ன செய்ய? பூட்டு ரெண்டு பேரைக் கேட்குது. ஒருத்தர் போதும்னா அவரை எப்பவோ நம்ம இன்னொரு கட்டடத்துக்கு அனுப்பியிருப்பேன்."

பட்டாசு என்னவோ சொல்ல வந்து நிறுத்திக்கொண்டாள்.

"இன்னிக்குத் தணிக்கைக்காரர் வர்றார். சர்டிஃபிகேட் கிடைக்கலைன்னா அத்தனை ஆஸ்பத்திரியும் நம்மளை விட்டுப் போயிடும். அவர் முன்னால சண்டை போட்டு மானத்தை வாங்காதீங்க."

மதியம் தணிக்கைக்காரர் வந்தார். கணினித் திரையை வெகுநேரம் நோண்டினார். பட்டாசும் அமுக்குணியும் மேலாளர் அம்மாவும் பின்னால் நின்று பார்த்தார்கள்.

"பிரமாதம். தகவல் எல்லாம் பத்திரமா இருக்கு. சர்டிஃபிகேட் தர்றேன்," என்றார் அவர். "ஆனா ஒண்ணு கேட்கணும். தினமும் காலையில எதுக்கு ரெண்டு பேர்?"

"பூட்டுக்கு ரெண்டு எண் வேணுமே, சார்," என்றார் மேலாளர் அம்மா.

"எதையாவது அழிக்கணும்னாத்தான் ரெண்டு. சும்மா திறந்து பார்க்க ஒருத்தர் எண் போதும். போன வருஷம் பூட்டை மாத்தினதிலிருந்தே அப்படித்தானே அமைச்சிருக்காங்க. உங்களுக்கு யாரும் சொல்லலையா?"

மேலாளர் அம்மாவுக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். "கேட்டீங்களா? உங்க ரெண்டு பேரோட வேண்டுதலும் பலிச்சாச்சு. நாளையிலேர்ந்து இவ மட்டும் திறந்தா போதும், நீங்க அந்த இன்னொரு கட்டடத்துக்குப் போகலாம். பாவம், ஒரு வருஷமா ஒரு நாளாவது தனியா தட்டிப் பார்த்திருந்தா இந்த அவஸ்தையே இல்லை."

பட்டாசு வெடிக்கவில்லை. முகம் சிவந்துபோய் மேசையைப் பார்த்தபடி நின்றாள்.

"தட்டிப் பார்த்தேன், மேடம். பூட்டை மாத்தின முதல் வாரமே என் எண்ணுக்குத் திறந்துச்சு," என்றாள் மெல்ல. "மூடிட்டு, அவர் வர்ற வரைக்கும் காத்துக்கிட்டு இருந்தேன்."

அமுக்குணி அவள் பக்கம் திரும்பினான். அவனுக்கு வாயெல்லாம் பல்.

"நீங்களுமா?" என்றான்.