கையில் ஒட்டாத வெள்ளிப் பசை

ஸ்ஃபாக்ஸ் துறைமுகத்துப் படகுப் பட்டறையில் காலை வெயில் புதுக் கைப்பிடிக் கம்பியில் பட்டுக் கண் கூசுகிறது. கடல் ஏறி நிற்கிறது. தண்ணீர் வற்றுவதற்குள் படகை இறக்கியாக வேண்டும். லம்ஜத் நட்டு முடுக்கும் மெஷினை வைத்து அழுத்த, கம்பியின் கடைசி நட்டு கீச்சென்று கத்தி, பாதி மரையில் நின்றுவிடுகிறது. முன்னாலும் போகவில்லை, பின்னாலும் வரவில்லை. எவர்சில்வரை எவர்சில்வர் கவ்விவிட்டது.

"பசை பூசுனியா?" என்கிறாள் பட்டறைக்காரி நசீஹா.

"பூசுனேன்க்கா."

"எங்க, கையைக் காட்டு."

கை கறையே இல்லாமல் பளிச்சென்று இருக்கிறது. மரை ஒன்றையொன்று கவ்விக்கொள்ளாமல் இருக்கப் பூசுகிற, தொட்டால் இரண்டு நாளைக்குப் போகாத வெள்ளிநிறப் பசை அது. பட்டறையில் எல்லார் விரலிலும், தின்கிற ரொட்டியிலும்கூட அதன் கறை உண்டு. நசீஹா அவனுடைய வெள்ளைச் சட்டையை மேலும் கீழும் பார்க்கிறாள்.

"ஓ, பொண்ணோட அப்பா வர்றாரா. அதான் மாப்பிள்ளை பசை டப்பா பக்கமே போகல."

பட்டறையே சிரிக்கிறது. கிரைண்டர் பொறி பறக்க, சிக்கிய போல்ட்டை அறுத்துப் போடுகிறது. லம்ஜத் புதுசுக்குப் பசையை வழித்துப் பூசுகிறான். நட்டு விரலுக்கே வழுக்கிக்கொண்டு ஏறுகிறது. சட்டையிலும் ஒரு வெள்ளிக் கோடு விழுகிறது. அந்த நேரம் பார்த்துப் பெண்ணின் அப்பா வந்து கை நீட்டுகிறார். லம்ஜத் கையைப் பின்னால் ஒளிக்கிறான்.

"அட, கொடுப்பா."

அவரும் படகு எஞ்சின் பூட்டுகிறவர். அவர் நகக்கண்ணிலும் அதே வெள்ளி. குலுக்கிவிட்டுக் குனிந்து, அறுபட்ட போல்ட்டுத் துண்டை எடுத்து வெயிலில் திருப்பிப் பார்க்கிறார். மரையில் பொட்டுப் பசை இல்லை. பிறகு பத்திரமாகச் சட்டைப் பையில் போட்டுக்கொள்கிறார்.

"இது என்கிட்டயே இருக்கட்டும். கல்யாணத்தன்னிக்கு எல்லாருக்கும் காட்டலாம்."