சுமைப் பட்டியல்

பல் துலக்கும் பிரஷ்ஷின் கைப்பிடியை அக்கா சின்ன ரம்பத்தால் அறுத்துக்கொண்டிருந்தாள்.

துண்டு கீழே விழுந்தது. எட்டு கிராம் மிச்சம் என்று பட்டியலில் குறித்தாள்.

கூடத்துத் தரை முழுக்க மலைக்குக் கொண்டுபோகும் சாமான்கள். கூடாரம், அடுப்பு, கயிறு, மழைச் சட்டைகள். நடுவில் அக்கா. மடியில் மடிக்கணினி, கையில் கொக்கி வைத்த சின்னத் தராசு. உட்கார்ந்த இடத்திலிருந்தே எங்கள் நான்கு பேரையும் ஆட்டிவைத்தாள்.

நாங்கள் நால்வரும் சிமெண்ட் கிடங்கில் மூட்டை தூக்குகிறவர்கள். ஐம்பது கிலோவை முதுகில் வைத்துக்கொண்டே ஊர்க்கதை பேசுவோம். எங்களிடம் அவள் கிராம் கணக்குப் பேசினாள். ஒட்டகம் என்று நாங்கள் கூப்பிடுகிறவன் மூன்று ஜட்டி கேட்டு வாதாடி, ஒன்றோடு திரும்பினான்.

ஏழு நாள், ஏழு ஏரி. மூன்றாவதுக்கும் நான்காவதுக்கும் நடுவில் ஒரு கணவாய்.

அந்த வழி அக்காவுக்கு மனப்பாடம். மலைப்பயண நிறுவனம் ஒன்றுக்கு வீட்டிலிருந்தபடியே போனில் திட்டம் போட்டுத் தருவது அவள் வேலை. பதினோரு வருடமாகச் செய்கிறாள். எந்தப் பாறை வழுக்கும், எந்த ஓடையைக் காலையிலேயே தாண்டிவிட வேண்டும், எல்லாம் சொல்வாள். கணவாய் ஏறியதும் உட்காராதீங்க சார், முதல்ல இடது பக்கம் பாருங்க என்பாள். நான்காவது ஏரி அங்கிருந்துதான் தெரியுமாம்.

போய் வந்தவர்கள் கூப்பிட்டு, நீங்கள் சொன்ன மாதிரியே இருந்தது மேடம் என்பார்கள்.

அவள் போனதே இல்லை. பொய்யும் சொன்னதில்லை. யாரும் கேட்கவில்லை, அவ்வளவுதான்.

போன வருடம் ஒருவர் கேட்டுவிட்டார். நீங்கள் எத்தனை முறை போயிருக்கிறீர்கள்?

அன்றைக்கே தட்டில் பாதியை ஒதுக்கினாள். அப்போதிருந்து அரை வயிறுதான். போன வாரம் இடுப்புவரை இருந்த முடியைக் கழுத்தோடு வெட்டச் சொல்லி, வெட்டியதைத் தராசில் மாட்டினாள். நூற்றெண்பது கிராம். அம்மா இரண்டு நாள் அவளோடு பேசவில்லை.

ஏரிப் பகுதிக்குள் நுழைய வனத்துறை அனுமதி வேண்டும். அதை நிறுவனம்தான் வாங்கித் தர முடியும். இந்த வருடத்துக்கான பதிவு இன்று பகல் பன்னிரண்டு மணியோடு முடிகிறது. விட்டால் அடுத்த வருடம்.

மூட்டை தூக்குகிறவன் முதுகு நாற்பதைத் தாண்டாது. எனக்கு முப்பத்தெட்டு.

மேலாளர் வேறு ஊரில் இருக்கிறார். அக்காவை அவருக்குக் குரலாக மட்டும்தான் தெரியும். அவளுடைய திட்டத்தை இரண்டு முறை திருப்பி அனுப்பிவிட்டார். நாலு நாள் வழிக்கு உங்களுக்கு மட்டும் ஏன் ஏழு நாள் என்று முதல் தடவை. யார் முதுகில் எத்தனை கிலோ என்று ஏன் எழுதவில்லை என்று அடுத்த தடவை.

பதினொன்று நாற்பதுக்குப் பட்டியலை அனுப்பினாள்.

ஐந்து நிமிடத்தில் போன் அடித்தது. ஸ்பீக்கரில் போட்டாள்.

"மேடம், ஏதோ தப்பா அடிச்சிருக்கீங்க. உங்க பேருக்கு நேரா சைபர். தம்பி பேருக்கு நேரா முப்பத்தொம்பது. மொத்தத்தையும் தம்பி தலையிலயே கட்டிட்டீங்களா?"

"தலையில இல்ல சார், முதுகுல."

அவர் சிரித்தார். அவள் சிரிக்கவில்லை.

"அப்படி என்ன மேடம் இருக்கு அந்தப் பையில?"

"நான் சார். நான் முப்பத்தேழு, பை ரெண்டு."

ஒட்டகம் தன் ஒற்றை ஜட்டியைக் கையில் பிடித்தபடி நின்றான்.

பிறகு அவர் மெதுவாக, கணவாயை எப்படித் தாண்டுவீர்கள் என்று கேட்டார். அக்கா வாடிக்கையாளரிடம் பேசும் குரலுக்கு மாறினாள். ஒன்பது மணிக்குள் உச்சி, அதற்குமேல் காற்று. இருநூறு அடிக்கு ஒருமுறை ஓய்வு. தம்பி களைத்தால் மாற்றிக்கொள்ள மூன்று முதுகு. அதனால்தான் ஏழு நாள்.

பதினொன்று ஐம்பத்தாறுக்கு அனுமதி வந்தது. ஆட்கள் ஐந்து பேர் என்று போட்டிருந்தது. ஐந்தா என்று அவள் இரண்டு முறை சரிபார்த்தாள்.

"என்னடா வாயப் பாக்குற? இன்னைக்குப் படி ஏற வேணாமா?"

கதவுக்குப் பின்னால் மாட்டியிருந்த பையை எடுத்து வந்தேன். கீழ்வீட்டுத் தையல்காரர் அதன் அடியில் இரண்டு ஓட்டை வெட்டி, ஓரம் அடித்துக் கொடுத்திருந்தார். ஒட்டகம் அவளுடைய கால்களை ஒவ்வொன்றாக உள்ளே விட்டு, பெல்ட்டை இறுக்கினான். பிறந்ததிலிருந்து தரையில் ஊன்றாத கால்கள். ஒரு செருப்பின் எடைகூட இருக்காது.

கணவாய் என்பது எங்கள் கட்டிடத்தின் ஐந்து மாடியை முப்பது முறை ஏறுவது என்று அவள் கணக்கு. நேற்றுவரை நான் இருபத்தாறைத் தாண்டியதில்லை.

இருபத்தேழில் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டேன். மூச்சை வெளியே விடு என்றாள். இருபத்தெட்டில், சிமெண்டைத் தூக்குகிறாயா பஞ்சைத் தூக்குகிறாயா என்று கேட்டாள். இருபத்தொன்பதில் என் தோளை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

முப்பதாவது முறை மொட்டைமாடிக் கதவைத் தோளால் தள்ளிக்கொண்டு வெயிலில் போய் நின்றேன்.

"உக்காராதீங்க சார்" என்றாள் என் காதருகில். "முதல்ல இடது பக்கம் பாருங்க."

பார்த்தேன். தண்ணீர்த் தொட்டி நிரம்பி வழிந்துகொண்டிருந்தது.