திருப்புவனத்தில் ஒரு மாப்பிள்ளை

மாப்பிள்ளை வீட்டுக்காரர்களை இன்னும் காணோம். கோயில் வாசலில் இறங்கியதிலிருந்து தமிழ்வாணி ஒவ்வொரு குடும்பமாக நோட்டம் விட்டுக்கொண்டிருந்தாள். சந்தனக் கலர் சட்டையில் ஒருவன் வாட்டசாட்டமாக வந்தான். இவனாக இருக்குமோ என்று நினைப்பதற்குள் அவன் பெண்டாட்டியின் கைப்பையை வாங்கித் தோளில் மாட்டிக்கொண்டான்.

திருநகரிலிருந்து கிளம்பும்போதே அவளுக்கு விஷயம் புரிந்துவிட்டது. கீழடி மியூசியம், திருப்புவனம் கோயில், அப்புறம் வைகைக் கரையில் கட்டுச்சோறு. இதற்குப் போய் யாராவது பட்டுச்சேலை கட்டுவார்களா? தங்கை முத்துமீனா கட்டியிருந்தாள். அம்மா சோலையம்மாள் அவள் தலை கொள்ளாமல் மல்லிகையை வேறு வைத்துவிட்டிருந்தாள்.

"எனக்குத் தெரியாமப் பொண்ணு பாக்க வரச் சொல்லிருக்கீங்க. அம்புட்டுத்தானே?" என்று காரில் ஏறும்போதே தமிழ்வாணி கேட்டாள்.

"சும்மா வாடி. நீ பின்னாடி என் மடியில தலைய வச்சுப் படு. மீனா பாப்பாவ வச்சுக்கிட்டு முன்னாடி உக்காரட்டும்" என்றாள் அம்மா.

கணவன் சிவபாண்டி மகளைத் தூக்கி முத்துமீனாவின் மடியில் வைத்துவிட்டுக் காரை எடுத்தான். அவனும் கூட்டுக் களவாணிதான்.

ஏன் மறைக்கிறார்கள் என்பதும் அவளுக்குத் தெரியும். போன வருஷம் முத்துமீனாவுக்கு ஒரு நல்ல இடம் வந்தது. அக்காவுக்குப் புற்றுநோய் என்று கேள்விப்பட்டதும் சத்தமில்லாமல் விலகிக்கொண்டார்கள். அன்றிலிருந்து தங்கையின் முகத்தைப் பார்க்கவே தமிழ்வாணிக்குக் கூசியது. இவளுக்கு ஒரு கல்யாணத்தை முடித்து வை என்று அவள் வேண்டாத சாமியில்லை.

இப்போதுதான் நல்ல காலம் பிறந்திருக்கிறது. இனிமேல் ஊசியே வேண்டாம் என்று டாக்டர் சொல்லிவிட்டதாகப் போன வாரம் சிவபாண்டி வந்து சொன்னான். உதிர்ந்த முடி வளர்ந்துவிட்டால் தலையில் சுற்றியிருக்கும் துணியையும் தூக்கிப் போட்டுவிடலாம்.

கோபுரத்துக்கு முன்னால் அம்மா எல்லோரையும் நிறுத்தினாள். "மாப்ள, பாப்பாவத் தூக்கிக்கிட்டு மீனா பக்கத்துல நில்லுங்க. ஒரு போட்டோ எடுப்போம்."

போனை வெடுக்கென்று வாங்கியது தமிழ்வாணிதான். "ஏங்க இம்புட்டுத் தள்ளி நிக்கிறீங்க? ஒட்டி நில்லுங்க. ஏய் மீனா, சிரிடி! இது மாப்ள வீட்டுக்குப் போற போட்டோ. உம்முன்னு இருந்தா, பாத்த ஒடனே ஓடிருவாங்க!"

முத்துமீனாவுக்குக் கண்ணீர் பொலபொலவென்று கொட்டிவிட்டது. தமிழ்வாணிக்குச் சிரிப்பு வந்தது. தன்னைப் பெண் பார்க்க வந்த அன்று அவளும் இப்படித்தான் அழுது மை கலைந்து நின்றாள்.

ஆற்றில் தண்ணீர் திறந்துவிட்டிருந்தார்கள். புளியோதரையைச் சாப்பிட்டு முடித்ததும் சிவபாண்டி மகளுக்குத் தண்ணீர் காட்டக் கூட்டிப் போனான். மாப்பிள்ளை மட்டும் வந்தபாடில்லை.

தமிழ்வாணிக்கு ஒரு யோசனை தோன்றியது. கண்ணாடியை இறக்கிவிட்டு, காரின் பின் சீட்டில் படுத்துக் கண்ணை மூடிக்கொண்டாள். தூங்கிவிட்டதாக நினைத்தால்தான் இவர்கள் வாயைத் திறப்பார்கள். எந்த ஊர், என்ன வேலை, கறுப்பா சிவப்பா எல்லாம் தானாகக் காதில் விழும். வீடு திரும்பும்போது மாப்பிள்ளையின் பேரைச் சொல்லி இரண்டு பேரையும் அலற வைக்க வேண்டும்.

நினைத்தது போலவே நடந்தது. காருக்கு வெளியே டிபன் பாத்திரங்களை அடுக்கியபடி அம்மா குரலைத் தாழ்த்தினாள்.

"அக்கா தூங்கிட்டாளா பாருடி."

வளையல் சத்தம் ஜன்னல் வரை வந்து நின்றது. "நல்லாத் தூங்குதும்மா."

"நான் அவருகிட்டப் பேசிட்டேன். மொதல்ல முடியவே முடியாதுன்னாரு. பெறகு சரின்னுட்டாரு. இனிமே உன் கையிலதான் இருக்கு மீனா."

தமிழ்வாணிக்குச் சந்தோஷத்தில் துள்ளி எழுந்துவிடலாம் போலிருந்தது. சிரிப்பை அடக்கிக்கொண்டு, தூங்குகிறவள் போல மூச்சைச் சீராக விட்டாள்.

"பாப்பாவுக்கும் பழகணும்ல?" என்றாள் அம்மா. "இன்னையிலருந்தே உன்னைய அம்மான்னு கூப்பிடச் சொல்லிக் குடுக்கப் போறேன்."

வெளியே பாத்திரச் சத்தம் நின்றது. பிறகு முத்துமீனா பேசினாள்.

"அக்கா இருக்குற வரைக்குமாவது, பாப்பா என்னையச் சித்தின்னே கூப்பிடட்டும்மா."